ஈயக் கம்பி வாங்கும் முன்

செல்போன் ரிப்பேர் கடைகளில் வேலை பழகும் பையன்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கையில் சால்டரிங் அயன், மறு கையில் ட்வீசர், அதன் நுனியில் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் ஓர் உதிரிபாகம். கம்பியைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. பையன் கம்பியின் முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு போர்டு மேல் குனிகிறான். அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். அந்தக் கம்பியில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம்.

கடையில் ‘லெட்’ என்றோ ‘ஈயக் கம்பி’ என்றோ கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் 60/40 அல்லது 63/37. முதல் எண் வெள்ளீயத்தின் பங்கு, இரண்டாவது காரீயத்தின் பங்கு. சென்னை ரிச்சி தெருவின் மொத்தக் கடைகள் தொடங்கி, சிற்றூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய மிக்ஸி ரிப்பேர் கடை வரை இவைதான் அதிகம் புழங்குகின்றன. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. 63/37 கலவை 183 டிகிரி செல்சியஸில், இடையில் களிபோல் குழையும் நிலை எதுவும் இல்லாமல், ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் உறையும். செம்பின் மேல் தயங்காமல் ஓடும். பளபளவென்று நிற்கும். விலையும் குறைவு. தொழில் தெரிந்த யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். கேடு, அந்தத் தொழில்காரரின் விரலில் ஒட்டி வீட்டுக்குப் போகும் பங்கில்தான் இருக்கிறது.

காரீயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதுவரை அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலுக்குள் போன காரீயத்தை உடல் சுண்ணாம்புச் சத்தைப் போலவே நடத்துகிறது; கொண்டுபோய் எலும்பில் சேர்த்துவைக்கிறது. இரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். எலும்பில் இருப்பதோ பல பத்தாண்டுகள் தங்கும். ஒரு பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்குகிறதல்லவா, கூடவே இதுவும் இறங்கி, நஞ்சுக்கொடியைத் தாண்டி, சிசுவுக்குப் போகும். திருமணத்துக்கு முன் நான்கைந்து வருடம் காயில் சுற்றி சால்டரிங் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்து நின்றுவிட்ட பெண்ணுக்கும் இது பொருந்தும் என்பதை யாரும் அவளிடம் சொல்வதில்லை.

பெரியவர்களுக்கு வரும் தொந்தரவுகள் எல்லாமே வேறு எதையோ போலத் தோற்றம் காட்டுபவை: அடிவயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், ஓயாத அசதி, தலைவலி, எரிச்சல், இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம். நாள்பட்டால் சிறுநீரகம் கெடும். கை மணிக்கட்டில் வலு குறையும். குழந்தைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். பெரியவர் குடல், விழுங்கிய காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சினால், சிறு குழந்தையின் குடல் பாதி வரை உறிஞ்சிவிடும். வளரும் மூளையில் அது செய்யும் சேதத்தைப் பிறகு எந்த மருந்தாலும் திருப்ப முடியாது. உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருப்பதாக யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. அதில் மிகப் பெரிய பங்கு இந்தியாவுடையது. பழைய பேட்டரி உருக்குவது, பெயின்ட், மசாலாக் கலப்படம் என்று அதற்குப் பல வழிகள் உண்டு. சால்டரிங் அவற்றில் சிறிய வழிதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே வேலை நடக்கும் குடும்பத்துக்கு அந்தச் சிறிய வழியே போதும்.

புகையிலா, கையிலா?

சால்டரிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகைதான் காரீயம் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த நம்பிக்கையால் இரட்டை நஷ்டம். காரீயம் உருகுவது 327 டிகிரியில், கொதிப்பது 1,749 டிகிரியில். 350 டிகிரியில் வைத்த அயன் பிட்டிலிருந்து காரீயம் ஆவியாகும் அளவு மிக மிகச் சொற்பம். மேலே எழும் புகை, கம்பியின் நடுக்குழலில் அடைத்திருக்கும் ஃப்ளக்ஸ் எரிவதால் வருவது. அது பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த ரோசின். அந்தப் புகைக்கு வேறொரு கெட்ட பெயர் உண்டு. வேலையால் வரும் ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக அதைப் பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்புத் துறை வரிசைப்படுத்தியிருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு கொஞ்சம் புகையே இழுப்பைக் கிளப்பிவிடும். தொழிலையே விட வேண்டி வந்தவர்கள் உண்டு.

காரீயம் வரும் பாதை வேறு. கம்பியைப் பிடித்த விரலில் சாம்பல் நிறமாய்ப் படிகிறது. அதே விரலால் டீ டம்ளரைப் பிடிக்கிறோம், வடையைப் பிய்க்கிறோம், பீடியைப் பற்றவைக்கிறோம், கண்ணைக் கசக்குகிறோம். டீசால்டர் பம்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதன் மூக்கிலிருந்து மேஜையில் தெறிக்கும் பொடித் துணுக்குகளைப் பாருங்கள். பிட்டைத் துடைக்கும் ஸ்பாஞ்சின் அடித்தட்டில் தேங்கிய அழுக்குத் தண்ணீரைப் பாருங்கள். காரீயம் அங்கேதான் இருக்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று தெளிவாகிறது. காரீயம் இல்லாத கம்பிக்கு மாறினால் கையின் ஆபத்து தீரும். மூச்சின் ஆபத்து தீராது. சொல்லப்போனால், லெட்-ஃபிரீ கம்பிக்குக் கூடுதல் சூடு தேவை என்பதாலும் அதில் ஃப்ளக்ஸ் சற்று வீரியமாக இருக்கும் என்பதாலும் புகை கொஞ்சம் அதிகமாகவே வரும். “லெட்-ஃபிரீதானே, பயமில்லை” என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நோயைத் தவிர்த்து இன்னொன்றை வாங்கியவர்கள் ஆவோம்.

எல்லாவற்றிலும் மோசமான இடம் சால்டர் பாட். டிரான்ஸ்ஃபார்மர், சோக், எல்.இ.டி. டிரைவர் செய்யும் சிறு பட்டறைகளில் காயில் முனைகளை உருகிய கலவையில் முக்கி எடுப்பார்கள். அந்தக் கலவையின் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு கட்டும். வழித்து ஓரமாகத் தள்ளிய இந்தக் கசடு காய்ந்து பொடியாகும். அதில் காரீய ஆக்சைடு இருக்கிறது. கம்பியைத் தொடுவதைவிட இதை மூச்சில் இழுப்பது பல மடங்கு கெடுதி. சாயங்காலம் வேலை முடிந்ததும் தென்னந்துடைப்பத்தால் தரையைக் கூட்டும் பெண்தான் அந்தப் பட்டறையிலேயே அதிகம் காரீயம் வாங்கும் ஆள். ஈரத்துணியால் துடைப்பதும், கசடை மூடிபோட்ட டப்பாவில் போடுவதும் காசு கேட்காத காரியங்கள். சொல்ல ஆள் இல்லாததால் நடப்பதில்லை.

ரோலின் மேல் என்ன எழுதியிருக்கிறது

“அண்ணே, லெட்-ஃபிரீ ஒரு ரோல் குடுங்க” என்று கேட்டால் பல கடைகளில் கிடைக்கும் பதில், “அது ஓடாது தம்பி, ஒட்டவும் ஒட்டாது, போர்டைக் கெடுத்துக்காத.” இந்தப் பதிலில் பொய் இல்லை. தவறான கம்பியை, தவறான அயனில், பழைய கைப்பழக்கத்தோடு ஓட்டிப் பார்த்தவர் அனுபவம் அது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை போட்டபின், உலகின் செல்போன், கணினி, டி.வி. எல்லாமே ஏறத்தாழ லெட்-ஃபிரீயாகத்தான் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ஓடும் ஏற்றுமதி உற்பத்தி வரிசைகளும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவைதான். நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் போன் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது? அதே போன் பழுதாகி ரிப்பேர் மேஜைக்கு வரும்போதுதான் மறுபடி காரீயம் ஏறுகிறது.

எனவே, எதைக் கேட்டு வாங்குவது? ரோலின் லேபிளில் தனிமங்களின் குறியீடு இருக்க வேண்டும். எஸ்.என். என்பது வெள்ளீயம், பி.பி. காரீயம், ஏ.ஜி. வெள்ளி, சி.யு. செம்பு, பி.ஐ. பிஸ்மத். பி.பி. என்ற இரண்டு எழுத்து எங்காவது எண்ணோடு இருந்தால், முன்பக்கம் எவ்வளவு பச்சை இலை வரைந்திருந்தாலும், அது காரீயக் கம்பி.

கைவேலைக்கு முதன்மையாக இரண்டு வகை. எஸ்.ஏ.சி.305 என்பதில் வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 பங்கு, 217 முதல் 220 டிகிரிக்குள் உருகும். நன்றாக ஓடும். வெள்ளி சேர்வதால் விலை அதிகம். இன்னொன்று வெள்ளீயம் 99.3, செம்பு 0.7, உருகுவது 227 டிகிரியில். விலை குறைவு, ஓட்டம் சற்று மந்தம். இதிலேயே துளி நிக்கலும் ஜெர்மானியமும் சேர்த்த வகை உண்டு. ஓட்டம் சீராகும், இணைப்பும் பளிச்சென்று வரும். மாதம் முழுக்க ஸ்டெபிலைசர், யு.பி.எஸ்., ஃபேன் ரெகுலேட்டர் என்று பெரிய இணைப்புகளாகப் பார்ப்பவர் இந்த நிக்கல் வகையை வாங்கினால் போதும். செல்போன் போர்டில் நுண்வேலை செய்பவருக்கு எஸ்.ஏ.சி.305, அதுவும் 0.5 மில்லிமீட்டர் கம்பி, பணத்துக்குத் தகும் என்பது என் கருத்து.

பிஸ்மத் கலந்த வகையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெள்ளீயம் 42, பிஸ்மத் 58 கலவை வெறும் 138 டிகிரியில் உருகும். பேஸ்டாகச் செல்போன் கடைகளில் பிரபலம். சூடு தாங்காத பாகங்களுக்கு நல்லதுதான். ஆனால் பழைய காரீய இணைப்பின் மேல் இதை வைத்தால், மூன்றும் கலந்து சுமார் 96 டிகிரியிலேயே உருகக்கூடிய ஒரு கலவை அந்த இணைப்புக்குள் உருவாகிவிடும். சூடேறும் ஒரு பவர் போர்டில் இப்படி நடந்தால் இணைப்பு தானாகவே விட்டுப்போகும். போர்டின் பூர்வீகம் தெரியாதபோது பிஸ்மத்தைத் தொடாதீர்கள். குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் கம்பியையும் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கொண்டுவரக் கூடாது. சில மாதங்களில் செம்புப் பாதையையே அரித்துவிடும்.

லேபிள் பொய் சொன்னால்? ‘லெட்-ஃபிரீ’ என்று அச்சிட்டு உள்ளே காரீயக் கம்பியை வைத்து விற்பது நடக்கக்கூடியதே. வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்டேஷன் வைத்திருப்பவர் மேஜையிலேயே செய்துபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டேஷனை 200 டிகிரியில் வைத்து, பிட்டைச் சுத்தமாகத் துடைத்து, ஐந்து நிமிடம் நிலைப்பட விடுங்கள். முதலில் தெரிந்த 63/37 கம்பியைத் தொடுங்கள், வளைந்து உருகும். அடுத்து சந்தேகப்படும் ரோலைத் தொடுங்கள். எஸ்.ஏ.சி.305 என்றோ 99.3/0.7 என்றோ அச்சிட்ட கம்பி அந்தச் சூட்டில் உருகக் கூடாது. நடுவிலிருக்கும் ஃப்ளக்ஸ் மட்டும் கசிந்து புகையும், உலோகம் அப்படியே நிற்கும். அதுவும் சேர்ந்து உருகிவிட்டால், உள்ளே இருப்பது லேபிளில் உள்ள கலவையாக இருக்க வாய்ப்பு குறைவு. மலிவான ஸ்டேஷன்கள் காட்டும் எண் பத்து இருபது டிகிரி முன்பின் இருக்கும் என்பதால்தான் தெரிந்த கம்பியை முதலில் தொடச் சொன்னேன். இது சந்தேகத்தை வலுப்படுத்தும் அளவுக்கே உதவும்; சட்டப்படி நிற்க வேண்டுமென்றால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எக்ஸ்-கதிர் அல்லது வேதியியல் சோதனை அறிக்கை வாங்க வேண்டும்.

மொத்தமாக வாங்கும் பட்டறைக்காரர்கள், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் நிர்வாகங்கள் இதைவிட எளிதாக ஒன்று செய்யலாம். தயாரிப்பாளரிடம் அந்தத் தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்றும் பாதுகாப்புத் தகவல் தாளும் கேளுங்கள். காரீயம் 0.1 சதவீதத்துக்குக் கீழ் என்று எழுத்தில் வர வேண்டும். ஒழுங்காகத் தயாரிப்பவர் யாரும் தரத் தயங்க மாட்டார்.

கையைப் பழக்குவது

கம்பி மாறினால் கையும் கொஞ்சம் மாற வேண்டும். வெப்பக் கட்டுப்பாடு இல்லாத 25 வாட் குச்சி அயன் சும்மா கிடக்கும்போது தேவைக்கு மேல் கொதிக்கும். பெரிய கிரவுண்ட் பகுதியைத் தொட்டவுடன் ஆறிப்போகும். லெட்-ஃபிரீ கம்பியைப் பற்றிய புகார்களில் பெரும்பாதி உண்மையில் இந்த அயனைப் பற்றியவை. அறுபது வாட் அளவுள்ள ஸ்டேஷனில் 350 முதல் 370 டிகிரி வைத்து, ஊசிமுனைப் பிட்டுக்குப் பதிலாக உளிமுனைப் பிட் போட்டால் வேலை ஓடும். ஓடவில்லை என்றால் சூட்டைக் கூட்டாதீர்கள். பிட்டின் அகலத்தைக் கூட்டுங்கள், வெளியிலிருந்து கொஞ்சம் ஃப்ளக்ஸ் வையுங்கள். 400 டிகிரிக்கு மேல் போனால் ஃப்ளக்ஸ் வேலை செய்யும் முன்பே கருகும், போர்டின் செம்புத் திட்டு பெயரும், பிட்டும் சீக்கிரம் ஓட்டையாகும். வெள்ளீயம் அதிகமுள்ள கலவை பிட்டின் இரும்புப் பூச்சை அரிக்கும் இயல்புடையது. ஈர ஸ்பாஞ்சைவிடப் பித்தளைச் சுருளில் துடைப்பதும், அயனை அணைக்கும் முன் நுனியில் கம்பி உருக்கிப் பூசிவைப்பதும் பிட்டின் ஆயுளைக் கூட்டும்.

இன்னொரு பழக்கம் கண்ணுக்கு. லெட்-ஃபிரீ இணைப்பு மங்கலாக, சற்றுச் சொரசொரப்பாக உறையும். காரீயத்தில் அப்படி இருந்தால் ‘டிரை சால்டர்’ என்று திரும்பச் சூடு காட்டுவோம். இங்கே அது இயல்பு. உலோகம் பாகத்தின் காலையும் செம்பையும் சுற்றிச் சரிவாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழைய டி.வி., பழைய ஆம்ப்ளிஃபயர், பழைய இன்வெர்ட்டர் போர்டுகளில் ஏற்கெனவே காரீயம்தான் இருக்கிறது. நீங்கள் புதுக் கம்பி வாங்கினாலும் அவற்றைத் தொடும் நாளில் மேஜைக்குக் காரீயம் வரும். ஆகவே மேஜைப் பழக்கங்கள் எப்போதும் வேண்டும். மேஜையில் சாப்பாடும் டீயும் கூடாது. கம்பி வாய்க்குப் போகவே கூடாது; ‘ஹெல்பிங் ஹேண்ட்’ கிளிப் ஸ்டாண்டு கடையில் கிடைக்கும்போது பல்லுக்கு என்ன வேலை? சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லுமே தவிர, உலோகத்தை விரலிலிருந்து எடுக்காது. வேலைச் சட்டையோடு கைக்குழந்தையைத் தூக்காதீர்கள். அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். புகைக்கு, பிட்டுக்கு அருகில் வைத்து இழுக்கும் கார்பன் ஃபில்டர் விசிறி நல்லது. அதற்கு வழியில்லை என்றால் சிறிய விசிறியைப் பக்கவாட்டில் வைத்து, புகையை முகத்திலிருந்து ஜன்னல் பக்கம் இழுக்க விடுங்கள். துணி மாஸ்க் இந்தப் புகைக்கு எந்தத் தடையும் இல்லை.

பட்டறைகளில் வெல்லமும் வாழைப்பழமும் பாலும் கொடுத்துவிட்டால் தூசு இறங்கிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைவாக உள்ள உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மை; அதனால் நல்ல சாப்பாடு அவசியம். அதற்காக ஒரு டம்ளர் பாலை முதலாளி செய்ய வேண்டிய காற்றோட்டத்துக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

பல வருடமாகக் காரீயக் கம்பியில் வேலை செய்பவர்கள், குறிப்பாகப் பிள்ளை பெறும் திட்டத்தில் உள்ள பெண்கள், ஒருமுறை இரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் காரீயமே கணக்கைக் கூட்டிவிடும். நரம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த வழிகாட்டுதல். முதல் சிகிச்சை அந்த நிறுத்தம்தான். காரீயத்தை வெளியேற்றும் மருந்துகள் அளவு மிக அதிகமானால் மட்டும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்படுபவை. நச்சு நீக்கும் பொடி என்று விற்பவற்றை நம்பாதீர்கள். உலோகம் சேர்ந்த சில நாட்டு மருந்துகளில் காரீயமே இருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

சட்டம் யாருக்கு, எவ்வளவு தூரம்

இந்தியாவின் மின்கழிவு விதிகள் 2012 மே 1-ல் அமலுக்கு வந்தன; மின்னணுப் பொருள்களில் அபாயப் பொருள்களுக்கான வரம்பு 2014 மே 1 முதல். இப்போது நடப்பில் இருப்பவை 2022-ன் விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல். இவற்றின்படி, பட்டியலிலுள்ள மின்னணுப் பொருள்களின் பாகங்களில் காரீயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சில விலக்குகள் நீங்கலாக. பொறுப்பு அந்தப் பொருளின் தயாரிப்பாளர் மேல். இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்: விதி, விற்பனைக்கு வரும் டி.வி.யைக் கட்டுப்படுத்துகிறது; கடையில் தொங்கும் கம்பி ரோலுக்கோ அதை வைத்து ரிப்பேர் செய்பவருக்கோ தடை சொல்லவில்லை. ஆகவே 60/40 விற்பது குற்றமில்லை. பொருளை வாங்குபவருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு அதைப் பற்றவைக்கும் கைக்கும் வர வேண்டும் என்று ரிப்பேர் சங்கங்கள் கேட்கத் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு உரிமை இன்னும் வலுவானது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்திலும், அதன் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்பிலும், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலில் நிற்பது காரீய நஞ்சேற்றம். தொழிலாளியைப் பரிசோதித்த மருத்துவருக்கும் அதைத் தெரிவிக்கும் கடமை உண்டு. “என்ன கம்பி, அதில் என்ன கலவை?” என்று நிர்வாகத்திடம் கேட்டுத் தகவல் பெறுவது தொழிலாளியின் உரிமை, சலுகையாகக் கெஞ்ச வேண்டியதில்லை. பதில் வராவிட்டால் தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் தரலாம். நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காரீயத்தால் வரும் நோயும் வேலையால் வரும் ஆஸ்துமாவும் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், தொழில்நோயால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஊதியத்தில் சுமார் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். இதற்கெல்லாம் அடிப்படை ஆதாரம் மருத்துவச் சீட்டு. மருத்துவர் “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்று கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், “சால்டரிங் வேலை, இத்தனை வருடம்” என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் நியாயமான கோரிக்கைகள் தோற்றிருக்கின்றன.

வீட்டிலேயே கூலிக்கு சால்டரிங் செய்து கொடுக்கும் பெண்கள் இந்த ஏற்பாடுகள் பலவற்றுக்கு வெளியே விடப்பட்டவர்கள். கம்பியைத் தேர்ந்தெடுப்பவர் ஏஜென்ட்; ஆபத்து இவர்களுக்கு. நாலைந்து பேர் சேர்ந்து லெட்-ஃபிரீ கம்பி கேட்டால் ஏஜென்ட் மறுப்பது கடினம். அதுவரை குழந்தை தவழும் அறையில் அந்த வேலை நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகக் கடை வைத்திருப்பவருக்கு நுகர்வோர் சட்டம் இருக்கிறது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்குபவருக்கு விலக்கு தருகிறது. ரிப்பேர் மெக்கானிக் அந்த விலக்கில் வருகிறார். ‘லெட்-ஃபிரீ’ என்று விற்ற கம்பியில் காரீயம் இருந்தால் அது நேர்மையற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில், ரோலின் லேபிள், மிச்சக் கம்பி மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். பில் தராத கடையில் ரோல் வாங்காதீர்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, எடை, மாதம், அதிகபட்ச சில்லறை விலை இல்லாத ரோலையும் வாங்காதீர்கள். பொட்டலப் பொருள் விதிப்படி இவை இருந்தாக வேண்டும்.

பெற்றோர்கள் கேட்க வேண்டிய இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையிலேயே சால்டரிங் அயன் வந்துவிட்டது. நல்ல விஷயம். அவர்கள் கையில் இருக்கும் கம்பி எது என்று தலைமையாசிரியரிடம் நேரில் கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. ஆசிரியரை அழைத்து ரோலைக் கொண்டுவரச் சொல்லி லேபிளைச் சேர்ந்து படியுங்கள். அரசுப் பள்ளி, அரசு ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக் என்றால், எந்தக் கலவைக் கம்பி வாங்கப்பட்டது, கொள்முதல் ஆணையில் காரீயம் இல்லாதது என்று குறிப்பிடப்பட்டதா, ஆய்வகத்தில் புகை இழுக்கும் விசிறி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அடுத்த வருடக் கொள்முதல் பட்டியல் தயாராகும் முன் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால், பட்டியலில் ஒரு வரி மாறுவதற்கு வாய்ப்பு அதிகம்.